கயிறு மாற்றிய நாள்

கிணத்துக்கடவு தாண்டியதும் பொள்ளாச்சி ரோட்டின் மேற்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் கட்டடம் வரும். பொற்சிகரம் மெட்ரிகுலேஷன் மேல்நிலைப் பள்ளி. அதன் மதிலில் முன்பு ‘அறிவே துணை’ என்று பெரிதாக எழுதியிருந்தது. பிறகு பள்ளி முன்னேறிவிட்டதால் அதன்மேல் வெள்ளையடித்து ‘நூறு சதவீதம் வேலைக்குத் தயார்’ என்று எழுதினார்கள். பெயிண்டருக்குக் கொடுத்த கூலிக்கு ஏற்ற வெள்ளைதான் கிடைத்தது. மழை பெய்து சுவர் நனைந்தால் அடியிலிருந்து ‘அறிவே’ மங்கலாக எழுந்து வரும். வெயில் வந்ததும் போய்விடும். பிள்ளைகள் அதைப் பேய் எழுத்து என்பார்கள். நிர்வாகம் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

இந்தப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவள் லாஸ்யா. அவளுடைய அப்பா கோவிந்தராஜுலு பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் தரகர். வீட்டில் தெலுங்கும் சந்தையில் தமிழும் பேசுகிற மனிதர், மகளுக்கு அவர் ‘நாயனா’. இரண்டு மொழியிலும் அவருக்கு ‘முடியாது’ என்று சொல்ல வராது. சந்தையில் அது ஒரு குறையும் இல்லை. பிடிக்காத ஆள் வந்து மாடு கேட்டால், இல்லை என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லக் கூடாது. தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இரண்டு பேர் கைமேலும் போட்டு, அதற்கு அடியில் அவன் விரல்களைப் பிடித்து, அந்த விரல் கணக்கிலேயே யாரும் கொடுக்க முடியாத ஒரு விலையைக் கேட்க வேண்டும். அவன் சிரித்துக்கொண்டே கையை உருவிக்கொண்டு போய்விடுவான். அவனுக்கும் மரியாதை, நமக்கும் மரியாதை. ஒருவேளை அவன் கையை இறுக்கிக் குலுக்கிவிட்டால் வியாபாரம் முடிந்தது. அதற்கு எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது, மறுபேச்சும் கிடையாது.

ஆனால் அப்படிக் குலுக்குகிறவர்கள் குறைவு. வளர்க்க வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான், சுழி பார்ப்பான், மடியைத் தடவுவான், நடக்கவிட்டுப் பார்ப்பான், வெயில் உச்சிக்கு வரும்வரை பேரம் பேசி உயிரை எடுப்பான். அடிமாட்டுக்கு வாங்குகிறவனுக்குத்தான் அவசரம். அவனுக்கு மேற்கே போகிற லாரி காத்திருக்கும். அவன் எடைதான் பார்ப்பான், பல் பார்ப்பதில்லை.

லாரியில் ஏற்றும்போது கோவிந்தராஜுலு டீக்கடைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பலகையில் கால் வைக்கும் முன் மாடு ஒருமுறை திரும்பிப் பார்க்கும். எல்லா மாடும் பார்க்கும். அதைப் பார்க்காமல் இருப்பதற்காகவே அவர் அந்தக் கடையில் அத்தனை டீ குடித்திருக்கிறார்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்கிற வழக்கம் அந்தப் பக்கத்தில் இல்லை. வாங்கியவன் புதுக் கயிறு கொண்டுவந்து மாற்றிப் பிடித்துப் போக வேண்டும்; பழைய கயிறு விற்றவன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் கட்டுத்தரை காலியாகிவிடும் என்பார்கள். சில பேருக்கு அந்தக் கயிற்றை வீட்டுக்குக் கொண்டுபோகத் தெம்பு இருக்காது. சந்தை மண்ணிலேயே போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அவற்றை எல்லாம் கோவிந்தராஜுலு பொறுக்கிக்கொண்டு வந்து தன் மாட்டுச் சாளையின் உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தார். காற்றே இல்லாத மத்தியானங்களில் கூட அதில் ஒன்றிரண்டு ஆடும்.

“பாக்கவே நல்லாயில்லீங்க. எரிச்சுப்போடுங்க,” என்பாள் வெங்கடலட்சுமி, அவர் மனைவி.

“எரிச்சறலாம், பாக்கலாம்,” என்பார் அவர். முடியாது என்பதை வீட்டிலும் அவர் இப்படித்தான் சொன்னார்.

கட்டுத்தரையில் அவர்களுக்கென்று இருந்தது ஒரே ஒரு செவலைப் பசு. ஈன்ற கையோடு தாய் செத்துப்போக, லாஸ்யா அதைப் புட்டிப் பாலில் வளர்த்தாள். அப்போது அவளே சின்னப் பிள்ளை. கன்றுக்குக் கழிச்சல் வந்தபோது வந்த டாக்டர் அம்மாவின் ரப்பர் பூட்ஸைப் பார்த்துவிட்டு, நானும் மாட்டு டாக்டர் ஆவேன் என்றவள், அதற்குப் பிறகு பேச்சை மாற்றவே இல்லை. உயிரியலில் எப்போதும் அவள்தான் முதல்.

அந்த நேரத்தில்தான் பள்ளிக்கு ‘தயார்நிலை’த் திட்டம் வந்தது.

நடத்துவதற்கு யஷ்வந்த் என்ற பயிற்சியாளர் வந்தார். காதில் எப்போதும் ஹெட்செட் இருக்கும். யாரோடு பேசுகிறார் என்று யாருக்கும் தெரியாது. முதல் வேலையாக உயிரியல் ஆய்வகத்தை மூடிப் பணிச்சூழல் அரங்கு ஆக்கினார். தவளைப் புட்டிகள் வெளியே போயின. எலும்புக்கூட்டை மட்டும் எறிய நிர்வாகத்துக்கு மனம் வரவில்லை, விலை கொடுத்து வாங்கியது. யஷ்வந்த் அதை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, ஹெட்செட் மாட்டி, கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டு, முன்னால் ‘இந்த மாதத்தின் சிறந்த பணியாளர்’ என்று பலகை வைத்தார். காலையில் பிள்ளைகள் அதற்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

“இவர் லீவு கேட்டதில்ல. பாத்ரூம் போகணும்னு எந்திரிச்சதில்ல. முகத்துல சிரிப்பு மாறினதே இல்ல,” என்றார் யஷ்வந்த். “இவர்கிட்ட இருந்து நீங்க என்ன கத்துக்கறீங்க?”

யாரும் பதில் சொல்லவில்லை. அதுதான் சரியான பதில் என்று எல்லோரையும் பாராட்டினார். அடுத்த மாதமும் எலும்புக்கூடே சிறந்த பணியாளர் ஆனது. அதற்கடுத்த மாதமும் அதுவே. போட்டி நியாயமாக நடந்ததென்று சொன்னார்கள்.

இயற்பியல் நேரம் நாற்காலி வகுப்பானது. தண்ணீர் குடிக்காமல் உட்காருவதில் படிப்படியாக முன்னேறினார்கள். வேதியியல் நேரம் சிரிப்பு வகுப்பு. பல்லுக்கு நடுவே பென்சிலைக் கடித்துக்கொண்டு, அது விழாமல் வருத்தமான செய்திகளை வாசிக்க வேண்டும். தமிழய்யாவின் நேரத்தில் சொல் வகுப்பு. ‘முடியாது’, ‘தெரியாது’, ‘ஏன்’ ஆகிய மூன்று சொற்களும் தமிழிலிருந்து நீக்கப்பட்டன. மூன்றுக்கும் சேர்த்து ‘கண்டிப்பாகப் பார்க்கிறேன் சார்’ என்ற ஒரே வாக்கியம் தரப்பட்டது. பேச்சில் ‘ங்க’ போடக் கூடாதென்றும் உத்தரவு வந்தது. ஒவ்வொரு ‘ங்க’வுக்கும் ஆகும் மூச்சைக் கூட்டினால் வருடத்தில் எவ்வளவு நேரம் நிறுவனத்துக்கு நட்டம் என்று யஷ்வந்த் படம் போட்டுக் காட்டினார். தமிழய்யா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பென்சில் கடித்துப் பழகினார். அவருக்கும் வேலை வேண்டுமே.

லாஸ்யா வீட்டில் மாறிக்கொண்டு வந்தாள். சோறு சூடாக இருந்து நாக்கைச் சுட்டாலும் சிரித்தாள். வெங்கடலட்சுமியின் அண்ணன் இறந்த சேதி வந்தபோது அம்மாவைக் கட்டிக்கொண்டாள், முகம் மட்டும் சிரித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் பாயில் படுத்துத் தூங்குவதைக் கோவிந்தராஜுலு வாசற்படியில் நின்று பார்த்தார். தூக்கத்திலும் உதடு பிரிந்து பல் தெரிந்தது. வெளியே சாளையில் ஒரு கயிறு ஆடிக்கொண்டிருந்தது. அவர் உள்ளே போனார். போர்வையை இழுத்து அவள் வாய்வரை மூடிவிட்டார்.

அப்புறம் பெற்றோருக்கும் தயார்நிலை வந்தது. பிள்ளைகள் தயாரானால் போதாது, விட்டுக்கொடுக்கப் பெற்றவர்களும் தயாராக வேண்டும் என்று பெரிய ஹாலுக்கு வரச் சொன்னார்கள். தாளாளர் ஜெபமணி அம்மா வெள்ளைப் பட்டுப் புடவையில் வந்து மைக்கைப் பிடித்தார். நல்ல மாதிரி. எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்.

“ஏனுங்க, தப்பா எடுத்துக்காதீங்க. வேலைவாய்ப்புக்கு முதல் எதிரி யாருன்னு ஆய்வு பண்ணிப் பாத்தமுங்க. பெத்தவங்க பாசமுங்க,” என்றார். “மத்தியானம் போன் போட்டுச் சாப்டியான்னு கேக்கறீங்க. அந்தப் புள்ள அங்க என்ன வேலை பாக்கும்? உங்க புள்ளைய நாங்க பதினாலு வருசம் வளத்தியிருக்கறோம். இப்ப ஒரு நல்ல எடம் வருதுங்க. ஒரு புள்ள பாக்கியிருந்தாலும் மதில்ல எழுதுன நூறு பொய்யாயிருமுங்க. மதில மறுபடி வெள்ளையடிக்கறது சாமானியச் செலவுங்களா?”

பெற்றோர் கைதட்டினார்கள். பிறகு பிரிவுப் பயிற்சி நடந்தது. பிள்ளைகள் ஒரு வரிசையாகக் கதவை நோக்கி நடக்க வேண்டும். பின்னாலிருந்து பெற்றவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். திரும்பிப் பார்க்கிற பிள்ளைக்கு மதிப்பெண் குறையும்.

முதலில் யாரும் கூப்பிடவில்லை. யஷ்வந்த் ஊக்கப்படுத்தியபின் ஹால் முழுக்க ஒரே சத்தம். ஒரு அம்மா அழுதுகொண்டே கூப்பிட்டாள். ஒரு பையன் தோளை அசைத்துவிட்டான்; அவனுக்குப் பாதி மதிப்பெண் போனது. கோவிந்தராஜுலு தொண்டையைச் செருமிக்கொண்டு, “லாஸ்யா... கண்ணு...” என்றார். அவள் நேராக நடந்து கதவைத் தாண்டிப் போனாள். முழு மதிப்பெண். பக்கத்திலிருந்தவர்கள் அவருக்குக் கைகொடுத்தார்கள். அவர் வியர்த்துப்போய் உட்கார்ந்தார். தன் அனுபவத்தில் அப்படித் திரும்பாமல் போன மாடு ஒன்றுகூட அவருக்கு நினைவில்லை.

பள்ளியில் வேலைக்கு ஆள் எடுக்கும் விழா வைத்த நாள் காலையில், லாஸ்யா சீருடையோடு சாளைக்கு வந்தாள். அவர் செவலைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அவள் பசுவின் கழுத்தில் கை வைத்து நின்றாள். ரொம்ப நாளைக்கப்புறம் அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

“நாயனா, இன்னைக்கு ஒரு கம்பெனி வருதுங்க. அவங்க கேட்டா நீங்க வேண்டாம்னு சொல்லிப்போடுங்க.”

“நீயே சொல்லலாமே அம்மணி.”

“எனக்குச் சொல்ல வரமாட்டீங்குதுங்க நாயனா. வாயத் தெறந்தா ‘கண்டிப்பாப் பாக்கறேன் சார்’தான் வருது. வேற ஒண்ணுமே வரமாட்டீங்குது. நான் மாட்டு டாக்டருக்குப் படிக்கோணுமுங்க. ஒரே ஒரு வார்த்தை. நீங்க சொல்லிப்போடுங்க, போதும்.”

“சொல்லிப்போடறேன் கண்ணு. இதென்ன பெரிய காரியம்,” என்றார் அவர். உண்மையாகவே அவர் அப்படித்தான் நினைத்தார். வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். ஸ்கூட்டர் சத்தத்தில் அது நன்றாகத்தான் வந்தது.

வந்திருந்தது சொல்யூஷன்ஸ் என்று முடிகிற பெயருள்ள ஒரு நிறுவனம். அதன் மனிதவள அதிகாரி வெங்கடபதி மேடையில் பேசினார். இளவயதிலேயே மேலே வந்தவர், சொந்த ஊர் சத்தியமங்கலம் பக்கம் என்று ஜெபமணி அம்மா அறிமுகப்படுத்தினார்.

“பல மாநிலம் சுத்திட்டுத்தான் இங்க வந்தோம்,” என்றார் வெங்கடபதி. “எல்லா ஊர்லயும் புத்திசாலிப் பசங்க இருக்காங்க. புத்திசாலிங்க எங்களுக்குப் பிரச்சனை, ரெண்டே வருசத்துல கேள்வி கேட்பாங்க. இந்தக் கொங்கு மண்ணுல என்ன விசேஷம்னா, யாரும் யாரையும் முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்றதில்ல. எவ்வளவு பெரிய பண்பாடு அது. அதுக்காகத்தான் நாங்க இங்க வர்றோம்.”

ஊரைப் பாராட்டிவிட்டார் என்று எல்லோரும் நெகிழ்ந்து போனார்கள். கோவிந்தராஜுலு எழுந்து நின்றார்.

“ஏனுங்க, தெரியாமக் கேக்கறேனுங்க. புள்ளைகளுக்கு அங்க என்ன வேலைங்க?”

“தீர்வு கொடுக்கறதுங்க.”

“எதுக்குங்க?”

“அதை வாடிக்கையாளர் சொல்வாங்க. இப்பவே தெரிஞ்சுக்கிட்டா புள்ளைங்க மனசு ஒரு பக்கமா சாஞ்சுடும்,” என்றார் வெங்கடபதி. நல்ல கேள்வி என்றும் பாராட்டினார்.

பிள்ளைகளின் மதிப்பெண்களை யாரும் கேட்கவில்லை. எடை பார்த்தார்கள், காது கேட்கிறதா என்று பார்த்தார்கள், இமைக்காமல் எவ்வளவு நேரம் திரையைப் பார்க்க முடிகிறதென்று பார்த்தார்கள். எலும்புக்கூட்டையும் ஒரு மரியாதைக்காக வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். விவரம் தெரியாத ஒரு உதவியாளர் அதன் அட்டையிலிருந்த பெயரையும் தேர்ந்தவர்களோடு வாசித்துவிட்டார். கைதட்டல் ஓய்ந்தபிறகே தவறு தெரிந்தது. திருத்த வேண்டாம், எண்ணிக்கை அழகாக இருக்கிறது என்றார் ஜெபமணி அம்மா.

தேர்ந்த பிள்ளைகளின் பெற்றோரை ஒவ்வொருவராகத் தாளாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். கோவிந்தராஜுலு உள்ளே போனபோது லாஸ்யா சுவரோரம் நின்றிருந்தாள். முகத்தில் அந்தச் சிரிப்பு. கண் மட்டும் அவரையே பார்த்தது.

வெங்கடபதி எழுந்து நின்று இரண்டு வார்த்தை தெலுங்கில் குசலம் விசாரித்தார். அங்கேயே பாதி ஆட்டம் கண்டுவிட்டது கோவிந்தராஜுலுவுக்கு. நாற்காலியை இழுத்துப் போட்டார்கள், காபி வந்தது, ஜெபமணி அம்மா அவர் சம்சாரத்தின் முட்டிவலியைக் கேட்டார். இத்தனை மரியாதைக்கு நடுவில் அந்த வார்த்தையை எந்த இடத்தில் வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்தார். “அதுங்க...” என்றார். மூடிக்கொண்டார்.

“தயங்காமச் சொல்லுங்க. உங்க எதிர்பார்ப்பு என்ன?” என்றார் வெங்கடபதி.

கோவிந்தராஜுலுவின் முகம் தெளிந்தது. இத்தனை வருடம் செய்த காரியம்தானே. தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி, மேசைக்கு மேல் வெங்கடபதியின் கையையும் தன் கையையும் சேர்த்து மூடினார். லாஸ்யா ஒரு அடி முன்னால் வந்தாள். தரகர் மகளுக்குத் துண்டு தெரியும்.

“அட, லோக்கல் கல்ச்சர்,” என்றார் யஷ்வந்த். போனை எடுத்துப் படம் பிடித்தார்.

துண்டுக்கு அடியில் கோவிந்தராஜுலு அந்த மெத்தென்ற கையின் எல்லா விரல்களையும் சேர்த்துப் பிடித்தார். விட்டுவிட்டு மறுபடியும் பிடித்தார். மறுபடியும். சந்தை வரலாற்றில் எந்தக் காளைக்கும் யாரும் கேட்காத விலை அது. கேட்டுவிட்டு, அந்தக் கை உருவிக்கொண்டு போவதற்காகச் சிரித்த முகத்தோடு காத்திருந்தார்.

கை போகவில்லை. ஒரு விரல்கூடக் குறைத்துக் கேட்கவில்லை. அவருடைய கையை அப்படியே இறுக்கிப் பிடித்துக் குலுக்கியது.

“டன் சார்.”

கோவிந்தராஜுலு அந்த முகத்தைப் பார்த்தார். “எத்தனைன்னு வெளங்குச்சுங்களா?” என்றார்.

“எத்தனையா இருந்தாலும் சரிங்க. சேர்க்கும்போது நாங்க தொகைக்குப் பேரமே பேசறதில்ல. அப்புறம் சாப்பாடு, தங்கறது, பயிற்சி, சிரிக்காத நாளுன்னு ஒவ்வொண்ணா கழிச்சுக்குவோம். ஒப்பந்தக் காலம் முடியறப்போ கணக்கு நேராயிடும்.”

வந்த அவசரமும், எடை பார்த்ததும், பல் பார்க்காததும் அந்த நிமிடத்தில் அவருக்கு ஒன்றாகச் சேர்ந்தன. எழுந்து நின்றார். “இல்லீங்க, நாஞ் சொன்னது என்னன்னாங்க...”

“கை குடுத்தாச்சே ராஜுலு,” என்றார் ஜெபமணி அம்மா, மிகவும் அன்பாக. “உங்களுக்கு நாங்க சொல்லோணுங்களா?”

அதற்குள் வெங்கடபதி லாஸ்யாவின் அருகில் போயிருந்தார். அவள் கழுத்திலிருந்த பள்ளி அடையாள அட்டையின் நீலப் பட்டையைக் கழற்றினார். பையிலிருந்து மடிப்புக் கலையாத ஆரஞ்சு நிறப் பட்டை ஒன்றை எடுத்து மாட்டினார். பழைய பட்டையைக் குப்பைக் கூடையில் போடப் போனபோது கோவிந்தராஜுலுவின் கை குறுக்கே வந்தது.

“அது குடுக்கறதில்லீங்க,” என்றார். அறைக்குள் அவர் முழுசாகச் சொன்ன ஒரே மறுப்பு அதுதான். ஏன் கேட்கிறார் என்று யாருக்கும் புரியவில்லை. கொடுத்துவிட்டார்கள்.

“லாஸ்யா, அப்பாகிட்ட நன்றி சொல்லு கண்ணு,” என்றார் தாளாளர்.

“கண்டிப்பாகப் பார்க்கிறேன் சார்,” என்றாள் லாஸ்யா. அவளுடைய அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னாள். பல் தெரியச் சிரித்தாள், கண்ணீர் கன்னத்தில் இறங்கி அந்தச் சிரிப்புக்குள்ளேயே போனது.

அடுத்த சந்தை நாளில் அவர் நசுருதீனைத் தனியாகக் கூப்பிட்டார். கூடத் தொழில் செய்கிற தரகர், சந்தையில் வழக்கு வந்தால் எல்லோரும் அவரிடம்தான் போவார்கள். நடந்ததைக் கேட்டுவிட்டு நசுருதீன் தாடியைத் தடவினார்.

“கயிறு மாத்தியாச்சுங்களா?”

“மாத்தியாச்சுங்க.”

எதிரே லாரியில் மாடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் டீக்கடைப் பக்கம் திரும்பி நின்றார்கள்.

அதற்குப் பிறகும் கோவிந்தராஜுலு பள்ளிக்கு நடையாய் நடந்தார். ஒப்பந்தத்தை முறித்தால் மாற்றுச் சான்றிதழ் கிடைக்காது, அது இல்லாமல் எந்தக் கல்லூரியும் சேர்க்காது என்று யஷ்வந்த் காபி கொடுத்து விளக்கினார். கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாள், வெள்ளை பஸ் ஒன்று பள்ளி வாசலில் வந்து நின்றது. ஆரஞ்சுப் பட்டை போட்ட பிள்ளைகள் வரிசையாக ஏறினார்கள். மாட்டைப் பார்க்காத மனிதர் அன்றைக்குப் பார்த்தார். படியில் கால் வைக்கும்போது அவள் ஒருமுறை திரும்புவாள் என்று கண்ணை எடுக்காமல் நின்றார். யாரும் திரும்பவில்லை. பயிற்சி அவ்வளவு நன்றாக நடந்திருந்தது.

வீட்டுக்கு வந்து நீலப் பட்டையை உத்தரத்தில் மற்றக் கயிறுகளோடு மாட்டினார். வெங்கடலட்சுமி பார்த்தாள். எரிக்கச் சொல்வதை அதோடு விட்டாள்.

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் பள்ளியின் பெரிய பேனர் வந்தது. துண்டுக்கு அடியில் கைகோத்த படம், அதன்கீழே ‘பாரம்பரியமும் வேலைவாய்ப்பும் கைகுலுக்கும் இடம்’. கோவிந்தராஜுலுவின் முகம் அதில் சிரித்துக்கொண்டிருந்தது. கை உருவிக்கொண்டு போவதற்காகச் சிரித்த சிரிப்பு. சந்தைக்குப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் அவர் போக வேண்டும். மகளின் போன் எப்போதும் அணைத்தே இருந்தது. விடுதியில் கேட்டால், பிள்ளைகள் தயார்நிலையில் இருக்கிறார்கள் என்று ஒரு பதிவுசெய்த குரல் சொன்னது.

மழை விட்ட ஒரு காலையில், அவர் சாளையில் இருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

“வணக்கம் சார். கால்நடைக் காப்பீடு தொடர்பாக அழைக்கிறேன். என் பெயர் நேஹா.”

பெயர்தான் நேஹா. குரலை அவருக்கு அடையாளம் தெரியாதா.

“லாஸ்யா. நாயனா பேசறேன் கண்ணு.”

அந்தப் பக்கம் மூச்சு நின்று, பிறகு வந்தது. அவளுக்குப் பின்னால் நூறு குரல்கள் வணக்கம் சார், வணக்கம் சார் என்று சொல்லிக்கொண்டிருந்தன.

“தரம் கருதி இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது சார். தங்களிடம் கறவை மாடு உள்ளதா சார்?”

அவர் சாளைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். “இருக்குதுங்க,” என்றார்.

“நிறம் சார்?”

“செவலைங்க. நெத்தியில வெள்ளை. புட்டிப் பால்ல வளந்ததுங்க.”

தட்டச்சுச் சத்தம் நின்றது. மறுபடி தொடங்கியது.

“ஆரோக்கியமாக உள்ளதா சார்?”

“ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்க. தீனிதான் சரியா எடுக்கறதில்ல. சாய்ந்தரம் பஸ் சத்தங் கேட்டா வாசலப் பாத்துட்டே நிக்குதுங்க.”

“சினையாக உள்ளதா சார்?”

“ஆமாங்க. தையில ஈனுமுங்க. ஒரு டாக்டர் கிட்டயிருந்தாத் தேவலைங்க.”

நூறு குரல்கள் மட்டும் கேட்டன. பிறகு மிகவும் தணிந்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு கேட்பது போல ஒரு கேள்வி வந்தது.

“பழைய கயிறு இருக்குதுங்களா?”

“இருக்குது கண்ணு. எங்கிட்டத்தான் இருக்குது. யாருக்கும் குடுக்கல.”

“பதிவு செய்துகொண்டேன் சார்,” என்றது குரல். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அவள் ஆண்டுத் தவணையைச் சொன்னாள். “தங்களுக்குச் சம்மதமா சார்?”

சரி என்றால் அழைப்பு முடிந்துவிடும். வேண்டாம் என்றாலும் முடிந்துவிடும். கோவிந்தராஜுலு தோளிலிருந்த துண்டை எடுத்து, போனைப் பிடித்திருந்த கையின்மேலும் காதின்மேலும் போட்டு மூடிக்கொண்டார். செவலையின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

“அந்த வெலைக்குக் கட்டுபடியாகாதுங்களே,” என்றார்.

“கண்டிப்பாகப் பார்க்கிறேன் சார்.”

“மாட்டுக்குப் பல்லு கேக்கவே இல்லீங்களே நீங்க. பல்லுப் பாக்காம எப்படிங்க வெல சொல்றது?”

“பல் எத்தனை சார்?”

அவர் பசுவின் வாயைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொன்னார். சுழி சொன்னார். கொம்பின் வளைவைச் சொன்னார். அவள் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டாள். வெங்கடலட்சுமி வெளியே வந்து, யாருங்க என்று கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் துண்டின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தார். அவள் குனிந்து உள்ளே காதை வைத்தாள். வெயில் ஏறி உச்சிக்கு வந்துகொண்டிருந்தது.

“இன்னுங் கொஞ்சம் கொறைச்சுச் சொல்லுங்க,” என்றார் கோவிந்தராஜுலு.